பெயருக்குப் பதில் இலக்கம் தந்தவர்களுக்கு

கடுகண்ணாவை



உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. தெரியாமலிருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடும். எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளுக்காக நீங்கள் விரல் நுனியை நீட்டினீர்கள். கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாதவற்றை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னீர்கள். படிவத்தில் பெயர் எழுதவேண்டிய இடத்தில் உங்களுக்கு ஓர் இலக்கம் விழுந்தது. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள், ஆண்களோடு உறவுள்ள ஆண்கள், திருநங்கைகள், ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றுவோர், கடற்கரைகளில் உல்லாசப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் இளைஞர்கள் என்று அறிக்கைகள் உங்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிரிவுகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். வேலைக்காலத்தில் பெரும்பகுதியை யட்டிநுவரப் பக்கத்து மேடுபள்ளங்களில் ஏறி இறங்கியே கழித்தவள். ஊரார் வாயில் ‘மிட்வைப் மிஸ்’. நான் எந்த ஆய்வையும் நடத்தவில்லை, எந்த ஆய்விலும் பங்குபற்றவில்லை. ஆனால் ஆய்வுகளின் பலன் கடைசியாக வந்து சேரும் இடம் எங்கள் கிளினிக் மேசை. அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் முன்பெல்லாம் மேகநோய்க்கான வீ.டீ.ஆர்.எல். பரிசோதனைக்கு மட்டும்தான் இரத்தம் எடுப்போம். பிறகு எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்ந்தது. அதைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டப் போனால், சில தாய்மாரின் முகம் மாறும். தோட்டத்திலிருந்து முதல் பிள்ளைக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “ஏன் மிஸ், என்னயப் பாத்தா அப்புடியா தெரியுது?” என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது. “எல்லாருக்கும் எடுக்கிறதுதாம்மா, வயித்துல இருக்கிற புள்ளைக்காக” என்றேன். பக்கத்து வாங்கில் இருந்த பெண்ணும், “எனக்கும் எடுத்தாங்கதானே” என்றாள். அதன் பிறகே கையை நீட்டினாள்.

அவள் மனதில் இருந்த ‘அப்படிப்பட்டவர்கள்’ நீங்கள்தான். உங்களோடு சேர்த்துப் பார்க்கப்படுவேனோ என்று பயந்த அந்தப் பெண்ணுக்கு, அவள் பிள்ளையைக் காக்கும் பரிசோதனை கிடைத்ததே உங்களால்தான். கிளினிக் வரிசையில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க நேரமிருப்பதில்லை. இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதை நமக்குப் பக்கத்தில், சென்னையில் தொடங்குகிறது. 1985ஆம் ஆண்டின் இறுதி. இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று பலரும் நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதைத் தேடிப் பார்க்கும் வேலையை ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். பொலிஸ் பிடித்த பாலியல் தொழிலாளர்களை அடைத்துவைத்திருந்த அரசு இல்லத்துக்கு நிர்மலா போனார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. எடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை வைக்க இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார். 1986 பெப்ரவரியில் அவற்றை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே ஜேக்கப் ஜானும் ஜார்ஜ் பாபுவும் துணைநின்ற பரிசோதனையில் ஆறு மாதிரிகள் தொற்றின் அடையாளமாக மஞ்சளாக மாறின. அமெரிக்காவுக்கு அனுப்பிச் செய்த மறுபரிசோதனையும் அதையே உறுதிசெய்தது. தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சராயிருந்த எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். இந்தியா விழித்துக்கொண்டது.

நிர்மலாவின் பெயர் வெளியில் வரவே முப்பது வருடமளவு ஆனது. அந்த ஆறு பெண்களின் பெயர் இன்றுவரை வரவில்லை, வரவும் கூடாது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எந்த நோயைத் தேடி இரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அடைபட்டிருந்தவர்களால் ‘மாட்டேன்’ என்று சொல்லவும் முடிந்திருக்காது. இன்று ஆய்வு தொடங்குமுன் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுகிறார்கள். விருப்பமில்லாவிட்டால் இடையில் எழுந்து போகலாம் என்கிறார்கள். உங்களுக்கு அந்த உரிமை வருமுன்னமே, கேட்காமல் எடுத்த இரத்தத்திலிருந்துதான் நம் பிராந்தியத்தின் முதல் எச்சரிக்கை பிறந்தது. அவர்கள் கொடுத்தார்கள் என்று எழுதுவதைவிட, அவர்களிடமிருந்து எடுத்தோம் என்று எழுதுவதே நியாயம். ஆகவே அவர்களுக்கு நன்றி சொல்லும்போது மன்னிப்பும் கூடவே கேட்கவேண்டியிருக்கிறது.

இனி என் மேசைக்கு வருகிறேன். அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த கர்ப்பிணிப் பெண்கள், 1994இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தார்கள். ஒரு பாதியினருக்கு ஏ.இஸட்.டி. மருந்து, மறு பாதியினருக்கு வெற்று மாத்திரை. தனக்கு எது கிடைக்கிறதென்று எந்தத் தாய்க்கும் தெரியாது. முடிவில், மருந்து பெறாத தாய்மாரின் பிள்ளைகளில் நான்கில் ஒன்றுக்குத் தொற்று, மருந்து பெற்றவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டளவுதான். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதைத் தடுக்க முடியும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். வெற்று மாத்திரையை விழுங்கிய தாய்மாரின் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துத்தான் அந்த உண்மை நிரூபிக்கப்பட்டது. பிரசவம் பார்த்த கைக்கு அந்த விலை என்னவென்று தெரியும்.

இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார் எல்லோரையும் பரிசோதிக்கும் ஏற்பாடு நாடெங்கும் பரவியது. தொற்றுள்ள தாய் என்று தெரிந்தால் உடனே மருந்து, பிறந்த பிள்ளைக்கும் மருந்து, தொடர்ந்து கவனிப்பு. 2019 டிசம்பரில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் நமக்குச் சான்று தந்தது. 2017க்குப் பின் அப்படித் தொற்றிய பிள்ளை ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றும் அப்போது சொன்னார்கள். அந்த நாளில் எங்களைப் பாராட்டாதவர்கள் இல்லை. வைத்தியர்கள், தாதியர், ஆய்வுகூடத்தினர், குடும்பநல உத்தியோகத்தர்கள் என்று எல்லோர் பெயரும் சொன்னார்கள். உங்களை யாரும் சொன்னதாக நினைவில்லை.

சென்னையில் கணவன் மனைவியாக ஆய்வுக்கு வந்தவர்களுக்கும் ஒரு பந்தி எழுதவேண்டும். சுனிதி சாலமன் அரசு வேலையை விட்டு 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையம், ஒன்பது நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் இடம்பெற்றது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதியர் அதில் சேர்ந்தார்கள். உடல் நலிந்த பிறகு மருந்து தொடங்குவதா, தெரிந்த உடனேயே தொடங்குவதா என்பதே கேள்வி. 2011இல் முடிவு வந்தது. துணைவரிடமிருந்தே தொற்றியதாக உறுதியான 28 பேரில் 27 பேர் மருந்தைத் தாமதித்துத் தொடங்கிய பக்கம், ஒரே ஒருவர் உடனே தொடங்கிய பக்கம். மருந்து நோயாளியை மட்டுமல்ல, அவரோடு வாழ்பவரையும் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம், தொற்று உறுதியான எல்லோருக்கும் தாமதமின்றி மருந்து என்று அறிவுரை தந்தது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், உறவினருக்குப் பொய் சொல்லி, திரும்பத் திரும்ப ஜோடியாக வந்து போனவர்கள் அதைச் சாத்தியமாக்கினார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியே அது பிறருக்குத் தொற்றாது என்று இன்று தைரியமாகச் சொல்கிறோம். அந்தத் தைரியம் அவர்கள் தந்தது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. இலங்கையில் பெரியவர்களிடையே எச்.ஐ.வி. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. இப்படிக் குறைந்த நாட்டில் தெருவில் போகிறவர்களையெல்லாம் பரிசோதித்துப் பிரயோசனமில்லை. தொற்று எங்கே தலைகாட்டக்கூடும் என்று முன்கூட்டியே அறியவேண்டும். அதற்காகத்தான் 2014இலும் 2017–18இலும் தேசிய அளவில் நடத்தை பற்றிய கேள்விகளும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்த ஆய்வுகள் நடந்தன.

உங்களைத் தேடிப் பிடிக்க எந்தப் பதிவேடும் இல்லை. வாக்காளர் இடாப்பில் உங்களைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்காது. அதனால் உலகெங்கும் இப்படியான ஆய்வுகளில் ஒரு வழியைக் கையாள்வார்கள். முதலில் வரும் சிலரிடம் ஆளுக்கு மூன்று சீட்டுப்போலக் கொடுப்பார்கள். அவர்கள் நம்பிக்கையான மூன்று பேருக்குக் கொடுக்கவேண்டும். அவர்கள் வந்து பதில் சொல்லிவிட்டு இன்னும் மூன்று பேருக்கு. இப்படிக் கை மாறிக் கை மாறிச் சீட்டுப் போய்ச் சேர்கிறது. யார் யாரை அழைத்தார் என்ற கணக்கை வைத்து, எண்ணவே முடியாத ஒரு கூட்டத்தின் நிலையை மதிப்பிடுகிறார்கள். கேட்கச் சுலபம். கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சீட்டை ஒருவரிடம் நீட்டும் நொடியில், ‘நான் இன்னார், நீயும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்தத் துணிவு இல்லாவிட்டால் எந்தப் புள்ளிவிபரமும் முதல் சீட்டோடு நின்றிருக்கும்.

அதிலும், சட்டம் உங்கள் பக்கம் இல்லாத நாட்டில் நின்று நீங்கள் அதைச் செய்தீர்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபாலுறவை இன்னமும் குற்றமென்கின்றன. 2023 மே மாதம், அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் பிரிவுகள் ஏட்டிலேயே இருக்கின்றன. தெருவில் நிற்கும் பெண்ணைப் பிடிக்க 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எங்கள் கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து கண்டி வீதியைப் போட்ட பிரித்தானிய ஆட்சி, பின்னர் எழுதிய சட்டம் அது. வாகனம் பெருத்ததும் பாறைக் குடைவுக்குப் பக்கத்தால் அகல வீதி போட்டாயிற்று. சட்டத்துக்கு மட்டும் மாற்று வழி இன்னும் போடவில்லை. கைப்பையில் ஆணுறை இருந்ததையே பொலிஸ் சாட்சியாக்கிய சம்பவங்களை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. ஒரு பக்கம் சுகாதாரத் துறை ஆணுறையைக் கையில் கொடுக்கிறது, மறு பக்கம் அதே ஆணுறைக்காகக் கைது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ‘கடைசியாக ஆணுறை பாவித்தது எப்போது?’ என்ற கேள்விக்கு நீங்கள் உண்மையான பதில் சொன்னீர்கள்.

சொந்தப் பெயரோடு முன்வந்த சிலரையும் இங்கே நினைக்கிறேன். குழந்தைநல வைத்தியர் கமலிகா அபேரத்ன, விபத்துக்குப் பின் ஏற்றிய இரத்தத்தால் தொற்றுக்குள்ளானவர். மறைத்து வாழ எல்லா வசதியும் இருந்தும், தனக்கு எச்.ஐ.வி. என்று நாடறியச் சொன்னார். 2004இல் காலமாகும்வரை நோயாளிகளின் உரிமைக்காகப் பேசினார். அந்த ஆண்டின் இறுதியில்தான் அரசு வைத்தியசாலைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992இல் ஆய்வு செய்யப்போன வைத்தியர் ஸ்மரஜித் ஜானா, கேள்வி கேட்பதோடு நிற்கவில்லை. அங்கிருந்த பாலியல் தொழிலாளர்களையே பயிற்றுவித்துச் சுகாதார ஊழியர்களாக்கினார். பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போன அந்தப் பெண்கள் 1995இல் தங்களுக்கென்று சங்கம் கட்டினார்கள். ஆணுறை இல்லாமல் வரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் பலம் ஒருத்தியிடம் இல்லை, எல்லோரும் சேர்ந்தால் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் அவர்களே. அது எந்தப் பேராசிரியரின் மூளையிலும் உதித்ததல்ல.

ஏன் நீங்கள் பெயரை மறைக்கிறீர்கள் என்று யாரும் என்னிடம் கேட்டால் 2016ஐ நினைவூட்டுவேன். தொற்று இருக்கிறதென்ற வெறும் வதந்தியால் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றைப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. சேர்த்த இடத்தில் மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைக்குத் தொற்றே இல்லை. கடைசியில் கண்டி நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்று கதவைத் திறந்தது. உயர் நீதிமன்றமும், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் கல்வியை மறுக்க முடியாது என்று உறுதிசெய்தது. ஆறு வயதுப் பிள்ளையிடமே இப்படி நடந்துகொண்டவர்கள் உங்களிடம் எப்படி நடப்பார்கள்? பரிசோதனைக்குக் கண்டிக் கிளினிக்குக்குப் போனால் தெரிந்தவர் யாராவது காண்பார்கள் என்று, நம் பக்கத்து ஆள் மாவனல்லையைத் தாண்டிக் கேகாலைக்குப் பஸ் ஏறுவதும், கேகாலை ஆள் கண்டிக்கு ஏறுவதும் இதனால்தான்.

நன்றி சொல்லும்போதே கடனையும் சொல்லவேண்டும். 2022இல் நாட்டில் புதிதாக 607 பேருக்குத் தொற்று பதிவானது, 2023இல் 694 பேருக்கு. எண்ணிக்கை கூடியதும் ‘அவர்களால்தான்’ என்று விரல் உங்கள் பக்கம் நீள்கிறது. உங்கள் பதில்களை வைத்தே உங்களைக் குற்றம் சாட்டுவது நன்றிகெட்ட செயல். ஆய்வு முடிந்து அறிக்கை கொழும்பில் ஆங்கிலத்தில் வெளியாகிறது. பதில் சொன்னவருக்கு, ‘நீங்கள் சொன்னதிலிருந்து இதைக் கண்டோம்’ என்று தமிழிலோ சிங்களத்திலோ இரண்டு பக்கம் வந்துசேர்வது அபூர்வம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, தென்னாபிரிக்காவில் தடுப்பு ஆய்வுகள் நடுவழியில் நின்றன. அதற்கு முந்தின வருடம்தான், தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் இளம் பெண்கள் பங்குபற்றிய ஆய்வு பெரிய நற்செய்தியைத் தந்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. உடம்பைக் கொடுத்து வழி காட்டியவர்களுக்கு அந்த மருந்து கடைசியாகப் போய்ச்சேரும் நிலை வந்தால், அதற்கு மேல் அநியாயம் இல்லை.

உங்களைக் கேள்வி கேட்டவர்களுக்கும் இந்த மடலில் இடமுண்டு. மூடின அறையில் முகம் சுளிக்காமல், அவசரப்படுத்தாமல், பதிலைக் கேட்டு வியக்காமல் எழுதிக்கொண்ட இளைஞர்கள் அவர்கள். பலர் உங்களில் ஒருவராக இருந்து அந்த வேலைக்கு வந்தவர்கள். வைத்தியரின் வெள்ளை மேலங்கிக்குத் திறக்காத வாய் அவர்களிடம் திறந்தது.

கடைசியாக, என் துறையில் இன்று வேலை செய்யும் தங்கைமாருக்கு உங்கள் முன்னிலையிலேயே ஒன்று சொல்லிவைக்கிறேன். இந்த மக்களில் ஒருவர் துண்டை நீட்டும்போது, தலை நிமிர்ந்து மற்றவர்களிடம் பேசும் அதே குரலில் பேசுங்கள். பெயரைச் சத்தமாகக் கூப்பிடாதீர்கள். ‘கல்யாணம் முடிச்சாச்சா?’ என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். பரிசோதனை எதற்கு என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் கோபிக்காமல் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். கையை இழுத்துக்கொண்டு ‘என்னயப் பாத்தா அப்புடியா தெரியுது?’ என்று கேட்கும் தாய்க்கு, இந்த வசதி யாரால் வந்தது என்று இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். அதற்குச் சுற்றறிக்கை வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இந்த மலைப் பக்கத்தில் சுகமாகப் பிறந்த பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் நான். அந்தச் சுகத்தில் உங்களுக்கும் பங்குண்டு. அடுத்த முறை யாராவது உங்களைக் கேவலமாகப் பேசினால், கடுகண்ணாவையில் ஒரு மிட்வைப் மிஸ் உங்களுக்குக் கடமைப்பட்டிருப்பதாகப் பகிரங்கமாக எழுதியிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்
கடுகண்ணாவை